'வெல்மா'வைத் திட்டியவர்கள் எதற்காகத் திட்டினார்கள்? ரசிகர் கோபத்தைப் பிரித்துப் படிக்கும் முறை

2023 ஜனவரி 12 அன்று எச்பிஓ மேக்ஸ் ஓடிடி தளத்தில் 'வெல்மா' என்ற அனிமேஷன் தொடர் வெளியானதும் பார்வையாளர் மதிப்பெண் அதலபாதாளத்துக்குப் போனது. 1969 முதல் ஸ்கூபி-டூ கார்ட்டூன்களில் கண்ணாடியும் ஆரஞ்சு ஸ்வெட்டருமாக வந்த வெல்மா, பெரியவர்களுக்கான இந்தத் தொடரில் இந்திய வம்சாவளிப் பெண். குரல் கொடுத்தவர் அமெரிக்க நடிகையும் எழுத்தாளருமான மிண்டி கேலிங். நாயான ஸ்கூபியோ கதையிலேயே இல்லை. "ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டால், அந்தக் கோபங்களில் எது நியாயமானது, எது வெறும் வெறுப்பு என்பது தெரியாமலே போய்விடும். இப்படி மாற்றி எடுக்கப்பட்ட எந்தத் தொடரைப் பற்றி எழுதினாலும் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

முதலில் மதிப்பெண் எதை அளக்கிறது என்று பாருங்கள். விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளம் காட்டுவது சராசரி அல்ல, சதவீதம். பார்வையாளர் 5க்கு 3.5 நட்சத்திரமோ அதற்கு மேலோ தந்தால்தான் அது 'பிடித்தது' கணக்கில் சேரும். எல்லோரும் 3 தந்திருந்தால் பூஜ்யம்தான் வரும். பார்வையாளர்கள் மதிப்பெண் இடும் ஐஎம்டிபி தளத்தில் மொத்த எண்ணை விட்டுவிட்டு, 1 முதல் 10 வரை வாக்குகள் பரவியிருக்கும் வரைபடத்தைத் திறங்கள். வாக்குகள் 1இலும் 10இலும் மட்டும் குவிந்திருந்தால் இரு அணிகள் மோதியிருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். 4 முதல் 6 வரை குவிந்திருந்தால் பார்த்து ஏமாந்தவர்கள் அதிகம். தொடருக்கு விழுந்த வாக்குகளையும் மூன்றாம் எபிசோடுக்கு விழுந்தவற்றையும் ஒப்பிடுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தாலும் "பார்க்காமலே வாக்களித்தார்கள்" என்று உடனே எழுதிவிடாதீர்கள். முதல் எபிசோடோடு எழுந்து போனவர்களும் அதில் இருப்பார்கள்.

அடுத்தது தேதி. டிரெய்லர் காலம், முதல் வாரம், சீசன் முடிந்த பிறகு என்று மூன்று கட்டாகப் பிரியுங்கள். 2018இல், பழைய கார்ட்டூனைப் புதுப்பித்த நெட்ஃபிளிக்ஸின் 'ஷி-ரா' தொடருக்கு, தொடர் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே, நாயகியின் தோற்றப் படங்களை வைத்தே சண்டை நடந்தது. தொடர் பிறகு ஐந்து சீசன் ஓடியது. டிரெய்லர் காலக் கோபத்தைத் தொடரின் மீதான தீர்ப்பாக எழுதுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. யூடியூப் 2021 நவம்பரில் டிஸ்லைக் எண்ணிக்கையை மறைத்துவிட்டது. அதன் பிறகு வெளிக்கருவிகள் காட்டும் எண்கள் மதிப்பீடுதான், அவற்றை ஆதாரமாகத் தராதீர்கள்.

பிறகு கருத்துகளைத் திரட்டுங்கள். 200 போதும், ஆனால் ஒரே தளத்திலிருந்து 50க்கு மேல் வேண்டாம். 'டாப்' வரிசையில் எடுத்தால் கோபமும் நக்கலும்தான் மேலே நிற்கும். 'புதியவை' வரிசையில் ஐந்தில் ஒன்றாக எடுங்கள். எக்செல் தாளில் தேதி, தளம், பார்த்ததற்கான அடையாளம் (குறிப்பிட்ட காட்சியையோ வசனத்தையோ சொல்கிறாரா), குறையின் வகை என நான்கு பத்திகள். ஒரு கருத்துக்கு இரண்டு வகை பொருந்தினால் இரண்டையும் குறியுங்கள்.

வகை பிரிப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. 'வெல்மா'வுக்கு ஐந்து வகையாவது வேண்டும்: இனம் மாறியது, ஸ்கூபி இல்லாதது, தன்னையே கிண்டல் செய்துகொள்ளும் நகைச்சுவை, ரத்தமும் ஆபாசமும், வெல்மாவின் குணம். கடைசி வகையைத் தவறவிடாதீர்கள். புத்திசாலியும் நண்பர்களுக்குத் துணையுமான பெண் ஏன் எல்லோரையும் குத்திப் பேசுகிறாள் என்று கேட்டவர் இனத்தைப் பற்றிப் பேசவில்லை. தெற்காசியப் பார்வையாளர்களின் குறை அதிலும் வேறு. தமிழ்த் தந்தைக்கும் வங்காளத் தாய்க்கும் பிறந்த மிண்டி கேலிங்கின் படைப்புகளில், தன்னையே வெறுக்கும் இந்திய-அமெரிக்கப் பெண் திரும்பத் திரும்ப வருகிறாள் என்பது அவர்கள் வாதம். 'இந்தியப் பெண்' என்ற சொல்லைப் பார்த்ததும் இதை 'இனம் மாறியது' வகையில் போட்டால், பிரதிநிதித்துவம் கேட்டவரையும் அதை வெறுத்தவரையும் ஒரே பையில் அடைத்ததாகும். எங்கள் கருத்தில் இதைவிடப் பெரிய அநியாயம் இந்த வேலையில் இல்லை.

40 கருத்துகளை இன்னொருவரிடம் கொடுத்துத் தனியாக வகைப்படுத்தச் சொல்லுங்கள். எட்டுக்கு மேல் முரண்பட்டால் வகைகளின் விளக்கம் தெளிவாக இல்லை. அதைத் திருத்தி எழுதிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

ஒப்பிட ஒரு எதிர் உதாரணமும் தேவை. 2022 அக்டோபரில் வந்த ஸ்கூபி-டூ ஹாலோவீன் படத்தில் வெல்மா ஒரு பெண்ணைப் பார்த்துச் சொக்கிப்போகிறாள். எதிர்ப்பு இருந்தாலும், ரசிகர்கள் பலர் அதைக் கொண்டாடினார்கள். அதே கதாபாத்திரம், அதுவும் பெரிய மாற்றம்தான். ஆகவே "பழைய ரசிகர்களுக்கு எந்த மாற்றமும் ஆகாது" என்ற வாதம் இங்கே நிற்காது.

பார்த்தவர் எண்ணிக்கையை விருப்பத்தோடு குழப்பாதீர்கள். தங்கள் தளத்தின் சொந்த அனிமேஷன் தொடர்களில் இதற்கே மிகப் பெரிய தொடக்கம் என்று எச்பிஓ மேக்ஸ் அறிவித்தது. திட்டுவதற்காகவே பார்த்தவரும் அந்தக் கணக்கில் ஒருவர்தான். 2024 ஏப்ரலில் இரண்டாம் சீசனும் வந்தது, அதே ஆண்டு ஒரு ஹாலோவீன் சிறப்புக் கதையோடு தொடர் நின்றது.

எழுதும்போது "எல்லோரும்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, 200இல் எத்தனை பேர் என்ற எண்ணையும் கருத்துகளைத் திரட்டிய தேதியையும் போடுங்கள். கருத்து எழுதியவரின் கணக்குப் பெயரை நீக்கிவிடுங்கள்.