வேலூர்ல இருந்துகிட்டே எம்.ஏ. செமியாலஜி பேப்பர எப்படி படிக்கறது

முதல்ல ஒன்னு சொல்லிடறேன், செமியாலஜிக்குன்னு, அதாவது படம், சொல், பொருள் மாதிரி குறிங்க எப்படி அர்த்தம் குடுக்குதுன்னு பாக்கற படிப்புக்குன்னு, தனி எம்.ஏ. தேடி அலையாதீங்க. நம்ம பக்கம் அது மாஸ் கம்யூனிகேஷன், ஜர்னலிசம், விஸ்காம் மாதிரி கோர்ஸுக்குள்ள ஒரு பேப்பராவோ ஒரு யூனிட்டாவோ தான் வரும், பெரும்பாலான இடத்துல எந்த டிகிரி முடிச்சிருந்தாலும் சேரலாம். மெட்ராஸ் யுனிவர்சிட்டில ஜர்னலிசத்துக்கு டிபார்ட்மென்ட் இருக்கு, பாண்டிச்சேரி, ஹைதராபாத், திருவாரூர் சென்ட்ரல் யுனிவர்சிட்டின்னு யோசிக்கறவங்க சியூஇடி பிஜிங்கற நுழைவுத் தேர்வு நோட்டிபிகேஷன் எப்ப வருதுன்னு கண்ணு வச்சிருங்க. எங்க சேர்ந்தாலும் அதுக்கு முன்னாடி சிலபஸ் பிடிஎஃப்ப எறக்கி டிசர்டேஷன் இருக்கா, அதுக்கு எத்தன கிரெடிட்னு பாருங்க. அது இல்லாத எடத்துல இந்த பேப்பர் வெறும் மனப்பாடமா போயிடும்.

அடுத்து படிக்கற வரிசை. நெறைய பேர் இந்த துறைக்கு அடித்தளம் போட்ட மொழியியலாளர் சசூர்ல ஆரம்பிச்சு பாதியிலயே புக்க மூடிடறாங்க. என்னக் கேட்டா பிரெஞ்சு எழுத்தாளர் ரோலன் பார்த்ஸ்ல ஆரம்பிங்க. 1964ல அவரு ஒரு பாஸ்தா விளம்பரத்த எடுத்து, வலைப்பைல இருந்து தக்காளி, பாஸ்தா பாக்கெட் எல்லாம் வெளிய வந்து கெடக்கற அந்த போட்டோல 'இத்தாலி'ங்கற நெனப்பு எங்கிருந்து வருதுன்னு ஒன்னு ஒன்னா பிரிச்சு காட்டறாரு, அத படிச்ச கையோட சசூர் கிட்ட போனா சிக்னிஃபையர் (குறியோட வடிவம்), சிக்னிஃபைடு (அது குடுக்கற நெனப்பு) எல்லாம் தானா புரியும். சசூர் 1913ல போயிட்டாரு, அவரு பேர்ல இருக்கற புக்கு 1916ல ஸ்டூடெண்ட்ஸ் நோட்ஸ வச்சு வேற ரெண்டு பேர் தொகுத்தது, அதனால அங்கங்க முன்னுக்குப் பின் இடிச்சா உங்க மூளைய சந்தேகப்படாதீங்க.

அமெரிக்க தத்துவவாதி சார்லஸ் பர்ஸ் கிட்ட இப்போதைக்கு ஐகான் (பாக்க அதே மாதிரி இருக்கறது), இண்டெக்ஸ் (நேரடி தொடர்பால காட்டறது), சிம்பல் (வழக்கத்தால வர்றது) மூணும் போதும். ஆம்பூர் பிரியாணி கடை வாசல்ல நின்னு பாருங்க: போர்டுல இருக்கற பிரியாணி படம் ஐகான், உள்ள தம் போடறாங்கன்னு காட்டிக் குடுக்கற வாசன இண்டெக்ஸ், அண்டாவுல சுத்தன சிவப்பு துணி சிம்பல், ஏன்னா சிவப்புக்கும் பிரியாணிக்கும் நாமளா போட்டுகிட்ட ஒப்பந்தம் தவிர ஒரு சம்பந்தமும் கிடையாது.

சரி, இனிமே தான் மெயின் வேலை, அனலிசிஸ் பண்ணி பழகறது. அதுக்கு நம்ம கோட்டையே இருக்கு. வேலூர் புரட்சிய ஸ்கூல்ல மார்க்குக்கு படிச்சிருப்போம், இப்ப திரும்ப பாருங்க, அங்க தீய மூட்டுனதுல ஒரு தலப்பாகைக்கு பெரிய பங்கு. 1805 நவம்பர்ல, ஜான் கிரடாக் தளபதியா இருந்தப்ப வந்த ஆர்டர்ல பரேடுல நெத்திக் குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது, அப்புறம் தோல் குஞ்சம் வச்ச புது டர்பன் போட்டே ஆகணும். வெள்ளக்கார ஆபிசருக்கு அது யூனிபார்ம், அவ்ளோதான். சிப்பாய்க்கு? பாக்க தொப்பி மாதிரி கீது, தொப்பின்னா மதம் மாத்தப் போறான், விலங்குத் தோலு வேற. டினோடேஷன், அதாவது நேரடி அர்த்தம், ரெண்டு பேருக்கும் ஒன்னு தான், கனோடேஷன்ல, அதாவது அது கெளப்பற உள்அர்த்தத்துல, தான் அடிதடி. 1806 ஜூலை 10 விடியக்காலைல கோட்டைய புடிச்சவங்க ஏத்துனது மைசூர் சுல்தானோட கொடி, அதுவும் திப்பு குடும்பத்த காவல்ல வச்சிருந்த அதே கோட்டைல, அந்த கொடிய இன்னொரு குறியா எடுத்து தனியாவே எழுதலாம்.

இத நோட்ல நாலு காலமா (column) போடுங்க: கண்ணுக்கு தெரியறது என்னா, யாரு பாக்கறாங்க, அவங்களுக்கு அது என்னா, அந்த எடத்துல வேற எது வந்திருக்கலாம். நாலாவது காலம் தான் நெறைய பேர் விடறது. தோலுக்கு பதிலா துணிக் குஞ்சம் வச்சிருந்தா அதே கோவம் வந்திருக்குமா, நெத்திக் குறிய விட்டுட்டு டர்பன் மட்டும் மாத்திருந்தா? இப்படி ஒன்ன மாத்தி வச்சு பாக்கறதுக்கு தான் கம்யூட்டேஷன் டெஸ்ட்னு பேரு. மூணாவது காலத்துக்கு மட்டும் உங்க கற்பனைய நம்பாதீங்க, அப்பவே நடந்த விசாரணைல சொன்னது, சரித்திரம் எழுதனவங்க எடுத்துக் காட்டனது இதுல இருந்து தான் எழுதணும்.

டிசர்டேஷன் தலைப்புக்கு சென்னைக்கு ஓடாதீங்க. சிஎம்சி ஆஸ்பத்திரி கேட்ல இருந்து காந்தி ரோடு, பாபு ராவ் தெரு அப்படியே நடங்க, லாட்ஜு, மெடிக்கல், சாப்பாட்டுக் கடை எல்லாத்துலயும் பெங்காலி எழுத்து, இந்தி, தமிழ், இங்கிலீஷ். ஒரே போர்டுல எந்த எழுத்து பெருசு, எது மேல, எது பெயிண்ட்ல எழுதனது, எது அப்புறமா ஒட்டன ஸ்டிக்கர்னு குறிச்சுக்குங்க. பெங்காலில மீன் சாப்பாடுன்னு எழுதனது வெறும் மெனு இல்ல, தூரத்துல இருந்து நோயாளியோட வந்தவங்களுக்கு 'இங்க உங்க பாஷ பேசுவாங்க'ன்னு ஒரு தைரியம். அதையே நம்ம ஊரு ஆளு படிக்கும்போது 'இது நமக்கான கடை இல்ல'ன்னு தாண்டி போறாரு. இதுக்கு கல்ச்சுரல் ஸ்டடீஸ் ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973ல சொன்ன என்கோடிங், டிகோடிங், அதாவது சொல்றவங்க வைக்கற அர்த்தமும் பாக்கறவங்க எடுத்துக்கற அர்த்தமும் வேற வேறயா இருக்கலாம்ங்கறது, கச்சிதமா பொருந்தும். ரோட்டு போர்டு பத்தின ஆராய்ச்சிய லிங்குவிஸ்டிக் லேண்ட்ஸ்கேப்னு தேடுங்க, லாண்ட்ரியும் பூர்ஹிஸும் 1997ல எழுதன பேப்பர்ல இருந்து புடிச்சா வழி கெடைக்கும்.

ஒரு தெருவோட நிறுத்திக்குங்க, கடைக்காரர் கிட்ட கேட்டுட்டு போட்டோ எடுங்க, நோயாளிங்க மூஞ்சி வரவே கூடாது. கடைக்காரர், லாட்ஜுல தங்கனவங்க, உள்ளூர் ஆளுங்கன்னு கொஞ்ச பேர் கிட்ட பேசி வைங்க, ஏன்னா வைவால 'இது உங்க கருத்து தானே'ன்னு கேக்காம விட மாட்டாங்க, அப்ப இவங்க பேச்சு தான் கை குடுக்கும்.

தொல்காப்பியத் திணைய சேக்கலாமான்னு கேப்பீங்க. தாராளமா. முதல், கரு, உரின்னு பிரிச்சு, குறிஞ்சி நெலத்துல இருந்து புணர்ச்சிய நெனைக்க வைக்கறது நல்ல ஸ்ட்ராங்கான கோட் சிஸ்டம், அதாவது எந்த குறிக்கு எந்த அர்த்தம்னு வகுத்த அமைப்பு. ஆனா 'சசூருக்கு முன்னாடியே நம்மாளு சொல்லிட்டாரு'ன்னு மட்டும் எழுதாதீங்க, அது ஆராய்ச்சி இல்ல, மேடைப் பேச்சு.

யுஜிசி நெட் (காலேஜ் வாத்தியார் வேலைக்கான தகுதித் தேர்வு) எழுதறதுன்னா மாஸ் கம்யூனிகேஷன் அண்ட் ஜர்னலிசம் தான் உங்க சப்ஜெக்ட், ரெண்டு பேப்பரும் சேத்து 150 கேள்வி, 300 மார்க், மூணு மணி நேரம், நெகட்டிவ் மார்க் கெடையாது. யாரு எந்த கான்செப்ட்டுன்னு பொருத்தற கேள்விக்கு ஒரு பக்க சார்ட் போட்டு செவுத்துல ஒட்டிக்குங்க, அதுக்கு மேல அதுல நேரத்த போடாதீங்க, போர்டு போட்டோவுக்கு தேதியும் கடை எடமும் போட்டு ஃபைல் பண்ற வேலைய பாருங்க.