எல்.இ.டி. பல்பு போட்டபின் லாரியின் இன்டிகேட்டர் படபடத்தால்

எல்.இ.டி. பல்பு மாட்டிய மறுநாளே கிருஷ்ணகிரி புறவழிச் சாலையோரம் உள்ள எங்கள் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவரும் ஓட்டுநர்கள், "பல்பு டூப்ளிகேட் போலிருக்கிறது, இன்டிகேட்டர் படபடவென்று அடிக்கிறது" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். பெரும்பாலும் பல்பின்மேல் குற்றம் இருப்பதில்லை. இன்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பிளாஷர் என்னும் சிறு கருவி, தனக்குக் கற்றுக்கொடுத்த வேலையைச் சரியாகச் செய்வதால்தான் இந்தத் தொல்லை வருகிறது.

24 வோல்ட் லாரியில் ஒரு பக்கத்து இன்டிகேட்டர் என்பது முன்னால் 21 வாட், பின்னால் 21 வாட், பக்கவாட்டில் 5 வாட் என மொத்தம் 47 வாட் அளவில் இருக்கும். அதாவது ஏறத்தாழ 2 ஆம்பியர் மின்சாரம் பிளாஷர் வழியாகப் போகும். அவற்றுக்குப் பதில் இரண்டு மூன்று வாட் எல்.இ.டி. பல்புகளைப் போட்டால் அந்த 2 ஆம்பியர் கால் ஆம்பியர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஒரு பல்பு உயிர் விட்டால் வேகமாக அடித்து ஓட்டுநருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதற்காகவே அமைக்கப்பட்ட பிளாஷர், பல்பு போய்விட்டது என்று எண்ணிப் படபடக்கிறது. பழைய வண்டிகளில் உள்ள, சூடேறி வளையும் தகடு கொண்ட பிளாஷராக இருந்தால், தகடு சூடேறுவதற்கே மின்சாரம் போதாமல் விளக்கு அடிக்காமலே நிற்கும்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இடப்பக்கத்துப் பழைய பல்புகளை மட்டும் திரும்ப மாட்டி, இருபக்கமும் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். இடம் ஒழுங்காக அடித்து வலம் படபடத்தால் பிளாஷர்தான் காரணம். பழைய பல்பிலும் படபடத்தால் ஹோல்டரில் துருவோ, எர்த் கோளாறோ, இன்னொரு பல்பு கருகியதோ இருக்கிறது. நான்கு பல்பையும் எல்.இ.டி.யாக மாற்றிய வண்டியில் ஒரு பக்கம் மட்டும் படபடத்தாலும் முதலில் அந்தப் பக்கத்து ஹோல்டர்களைத் துழாவுவதே நல்லது. கிரானைட் கற்களை ஏற்றிக் குவாரிப் பாதையில் குலுங்கும் வண்டிகளின் பின்விளக்கைத் திறந்தால், எர்த் கம்பி பாடியில் திருகப்பட்ட இடம் பச்சைப்பொடி பூத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். பிரேக் மிதித்தால் இன்டிகேட்டர் மங்கலாக எரிகிறதென்றால் அந்த எர்த்தையே சந்தேகிக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கம்பி முனையில் புதிய லக் (திருகு மாட்டும் உலோக வளையம்) அடித்து, இறுக்கித் திருகினால் அது தீர்ந்துவிடும்.

பிளாஷர்தான் காரணம் என்று தெரிந்தபின், எல்.இ.டி.க்கு ஏற்ற எலக்ட்ரானிக் பிளாஷர் வாங்குவதே என் அனுபவத்தில் சரியான வைத்தியம். டேஷ்போர்டுக்கு அடியிலோ ஃபியூஸ் பெட்டியிலோ டிக்டிக் ஓசை வரும் இடத்தில் கைவைத்தால் பழையதைக் கண்டுபிடித்துவிடலாம். அதன் முதுகில் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்றும், எத்தனை பின் (கம்பி இணையும் உலோகக் கால்) என்றும் பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சின்ன சரக்கு வண்டிகள் 12 வோல்ட்டிலும் பெரிய லாரிகள் 24 வோல்ட்டிலும் ஓடுவதால் இதில் தவறி 12 வோல்ட் பிளாஷரை 24 வோல்ட் லாரியில் மாட்டினால் அது கருகிவிடலாம். புதியதில் சப்ளைக்கு ஒன்று, விளக்குகளுக்குப் போக ஒன்று, எர்த்துக்கு ஒன்று என மூன்று பின் இருக்கும். பழையது இரண்டு பின்னாக இருந்தால் எர்த்துக்குத் தனிக் கம்பி இழுத்துச் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) திருக வேண்டும். சப்ளை பின் எது என்பதைச் சாவியைத் திறந்து டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள், கம்பியின் நிறத்தை நம்பாதீர்கள். பலர் கைபட்ட வயரிங்கில் நிறத்துக்கு மதிப்பில்லை.

ரெசிஸ்டர் போடுவது இரண்டாவது வழி. பல்போடு இணையாக ஒரு மின்தடையைச் சேர்த்து, பழைய 21 வாட் பளுவைச் செயற்கையாக உண்டாக்குவதுதான் அதன் வேலை. 12 வோல்ட்டுக்கு 6 ஓம் 50 வாட் ரெசிஸ்டரும், 24 வோல்ட்டுக்கு ஏறத்தாழ 27 ஓம் ரெசிஸ்டரும் வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதன் விளைவை ஒரு மாங்காய் லாரியில் பார்த்தேன். காருக்கான 6 ஓம் ரெசிஸ்டரை வாங்கி, பின்விளக்கு வயர்க்கட்டோடு சேர்த்து இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். தொப்பூர் கணவாயில் நெரிசலில் ஹசார்டு (நான்கு இன்டிகேட்டரும் ஒன்றாக அடிக்கும் எச்சரிக்கை விளக்கு) போட்டு நின்றபோது புகை வந்திருக்கிறது. என்ஜின் ஓடும்போது 24 வோல்ட் வண்டியில் 28 வோல்ட் இருக்கும். அந்த 28 வோல்ட்டில் 6 ஓம் வழியாகப் போவது 130 வாட். விளக்கு அணைந்து எரிவதால் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும், 50 வாட் ரெசிஸ்டர் அதைத் தாங்காது. அந்த 50 வாட்டைத் தாங்குவதும்கூடத் தகரத்தில் இறுக்கித் திருகினால்தான். வயர்க்கட்டு முழுவதும் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததைப் பிரித்தெடுக்கவே ஒரு நாள் ஆயிற்று.

சரியான ரெசிஸ்டரே ஆனாலும் தொட்டால் கை பொசுங்கும் அளவு சூடேறும். ஆகவே பிளாஸ்டிக்கிலோ வயரிலோ படாமல், சேசிஸ் இரும்பின்மேல் திருகுங்கள். மின்சாரம் மிச்சப்படுத்த எல்.இ.டி. போட்டுவிட்டு, மிச்சப்பட்டதை ரெசிஸ்டரில் சூடாக எரிப்பது வேடிக்கைதான். ஆனால் சில வண்டிகளில் வேறு வழி இல்லை. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி அமைந்த வண்டிகள் பலவற்றில் தனிப் பிளாஷரே கிடையாது. விளக்குகளை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி கவனிக்கிறது, டிக்டிக் ஓசையும் அது எழுப்புவதுதான். அத்தகைய வண்டிக்கு ரெசிஸ்டர்தான் மாட்ட முடியும், அல்லது பழைய பல்பையே விட்டுவிட வேண்டும். வாரன்டி உள்ள வண்டியென்றால் இரண்டாவதையே சொல்வேன்.

பிளாஷரை மாற்றியபின்னும் சில வண்டிகளில் இடது சுவிட்சைப் போட்டால் நான்கு விளக்கும் ஒன்றாக அடிக்கும். டேஷ்போர்டில் அம்புக்குறி விளக்கு ஒன்றே ஒன்றாக இருக்கும் வண்டிகளில்தான் இது வரும். அந்தச் சிறு விளக்கு இடப்பக்கக் கம்பிக்கும் வலப்பக்கக் கம்பிக்கும் நடுவே கட்டப்பட்டு, எதிர்ப்பக்கத்துப் பல்புகளையே எர்த்தாகப் பயன்படுத்துகிறது. பழைய பல்புக்கு அந்தச் சிறு மின்சாரம் உறைக்காது, எல்.இ.டி.க்கு அதுவே போதும். அம்புக்குறி விளக்கின் இரு கம்பிகளையும் கழற்றி, இடத்திலிருந்து ஒன்றும் வலத்திலிருந்து ஒன்றுமாக இரண்டு டயோடுகளை (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு பாகம்) இணைத்து, வெள்ளைக் கோடு போட்ட முனைகள் இரண்டையும் சேர்த்து விளக்கின் ஒரு முனையில் கொடுங்கள். மறுமுனையை எர்த் செய்யுங்கள். 1 என் 4007 என்னும் சாதாரண டயோடே போதும்.

மஞ்சள் கண்ணாடிக்குள் வெள்ளை எல்.இ.டி. போடாதீர்கள், வெயிலில் வெளிறித் தெரியும், மஞ்சள் எல்.இ.டி.யே வாங்குங்கள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 102-ஆம் விதிப்படி இன்டிகேட்டர் மஞ்சளாக, நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைக்குள் சீராக அடிக்க வேண்டும். எஃப்.சி.க்கு (வாகனத் தகுதிச் சான்றுக்கான சோதனைக்கு) போவதற்கு முன் கைப்பேசியில் நேரம் பார்த்து 15 நொடிக்கு எண்ணுங்கள். 15-க்கும் 30-க்கும் இடையே வர வேண்டும். எல்.இ.டி. பிளாஷர் மாட்டிய வண்டியில் ஒரு பல்பு போனாலும் வேகம் மாறாது. பழையதைப்போல அது சொல்லிக்கொடுக்காது என்பதால், தினமும் வண்டி எடுக்கும்போது ஹசார்டைப் போட்டுவிட்டு இறங்கி ஒரு சுற்று வந்து, நான்கு மூலையும் எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.