தோட்டத்துத் தாத்தாவை மாதா கோயில் ஏட்டில் தேடுவது எப்படி

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் கூப்பிட்ட பெயரை வைத்துக்கொண்டு ஞானஸ்நான ஏட்டைப் புரட்டாதீர்கள். நான் அப்படிப் புரட்டித்தான் இரண்டு வருஷம் வீணாக்கினேன். தாத்தா பெயர் ராயப்பன், அதனால் 'ஆர்' வரிசையை மேலும் கீழுமாகப் பார்த்தேன், ஆள் இல்லை. ஆனால் அதே ஏட்டில் பிள்ளையின் தகப்பனாக 'பெத்ருஸ்' என்று உட்கார்ந்திருந்தார். பேதுரு என்றால் பாறை, அதைத்தான் நம் ஆட்கள் இராயப்பர் ஆக்கினார்கள், சாமியார் எழுதியதோ லத்தீனில்.

நான் இருப்பது மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். சுற்றிலும் ஒரு காலத்தில் பால் மரம், அதாவது ரப்பர்த் தோட்டம், இப்போது செம்பனை. இங்கே தாத்தா பாட்டியைத் தேடும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், மற்றவர்களுக்கு வேறு வழி வேண்டும்.

சரி, பெயர்கள். இதை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சூசை என்றால் யோசேபுஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னஸ், முடியப்பன் ஸ்தேபானுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ், இன்னாசி இக்னாசியுஸ், சவரிமுத்து சவேரியுஸ். சில சாமியார்கள் தமிழ்ப் பெயரையே எழுதியிருப்பார்கள், அதுவும் சுலபமில்லை. மலாயாவிலும் பாண்டிச்சேரிப் பக்கமும் ஊழியம் செய்தவர்களில் பலர் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் பிரெஞ்சுக்காரர்கள், அவர்கள் உகரத்துக்கு 'ஓ', 'யூ' என்று இரண்டு ஆங்கில எழுத்தைச் சேர்த்துப் போடுவார்கள். முத்து என்ற பெயரை நாம் எதிர்பார்க்கும் எழுத்துக்கூட்டில் தேடினால் கிடைக்காது.

அடுத்து எந்தக் கோயில் என்பது. தோட்டத்துக் கோயிலில் ஏடு இருக்காது. சாமியார் மாதம் ஒரு தடவையோ பண்டிகைக்கோ தோட்டத்துக்கு வருவார், அன்றைக்கே ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார், ஏடு டவுன் கோயிலில்தான். அந்த டவுன் கோயிலும் இன்றைக்குப் பக்கத்தில் இருக்கும் கோயிலாக இருக்க வேண்டியதில்லை, பிறகு பங்கு, அதாவது கோயிலின் எல்லை, பிரிந்திருக்கலாம். 1955-இல் கோலாலம்பூர், பினாங்கு மறைமாவட்டங்கள் பிரியும்வரை எல்லாமே மலாக்கா மறைமாவட்டம்தான், அதாவது ஒரே ஆயரின் ஆட்சிப் பகுதி. பங்கு அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிவிட்டுப் போங்கள். எங்கள் பக்கம் திங்கட்கிழமை மூடியிருக்கும், நான் விசாரிக்காமல் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். பேனாவைப் பையிலேயே வையுங்கள், பென்சில் போதும்.

ஏடு கைக்கு வந்ததும் லத்தீன் என்று மலைக்க வேண்டாம், பத்துச் சொல் தெரிந்தால் போதும். 'பாப்திசாவி' என்றால் ஞானஸ்நானம் கொடுத்தேன். 'நாத்துஸ்' பிறந்த ஆண், 'நாத்தா' பெண். 'பிலியுஸ்', 'பிலியா' மகன், மகள். 'பத்ரீனுஸ்' ஞானத்தகப்பன், 'மத்ரீனா' ஞானத்தாய். 'ஏயோதெம் தியே' என்றால் அதே நாள். தேதியில் ஒரு கண்ணி உண்டு. 7 போட்டுப் பக்கத்தில் 'ப்ரிஸ்' என்று சின்னதாக இருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து டிசம்பர். லத்தீனில் 'செப்தெம்' என்றால் ஏழு, அந்தக் கணக்கு. என் பெரியப்பாவின் பிறந்தநாளை வீட்டில் எல்லோரும் இரண்டு மாதம் தள்ளிக் கொண்டாடியிருக்கிறார்கள் என்பதை இதில்தான் கண்டுபிடித்தேன்.

ஞானப்பெற்றோர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அதைப் பெரிதாக நம்பவும் வேண்டாம். கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் ஒரே உபதேசியார் இருபது பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றிருப்பார். ஒரே ஒரு தடவை மட்டும் வரும் பெயர்தான் ஊர்க்காரராகவோ சொந்தமாகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி ஓரம். ஞானஸ்நானப் பதிவின் இடது பக்கமோ வலது பக்கமோ பொடி எழுத்தில் கிறுக்கியிருப்பதை யாரும் படிப்பதில்லை, உண்மையில் புதையல் அங்கேதான். 1908 ஈஸ்டரிலிருந்து நடைமுறைக்கு வந்த ரோமாபுரிச் சட்டப்படி, ஒருவர் எங்கே கல்யாணம் செய்தாலும் அந்தச் செய்தியை ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு எழுதி அனுப்பி, அங்கே ஓரத்தில் பதியவேண்டும். யாரை, எந்தக் கோயிலில், எந்தத் தேதியில் கட்டினார் என்று ஒற்றை வரியில் கிடைக்கும்.

அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கல்யாண ஏட்டுக்குப் போங்கள். கல்யாணத்துக்கு முன் கோயிலில் ஓலை வாசிக்க, அதாவது எல்லோர் முன்னும் அறிவிக்க வேண்டும், ஆள் யார், எந்த ஊர், ஏற்கனவே கட்டியவரா என்று விசாரிக்க வேண்டும், அதனால் ஞானஸ்நான ஏட்டில் இல்லாத சொந்த ஊர்ப் பெயர் பெரும்பாலும் இங்கேதான் வரும். இன்னொன்று, நம்மவர்களுக்கே உரியது. முறைப்பெண்ணைக் கட்டினால் திருச்சபை அனுமதி வாங்க வேண்டும், அது ஏட்டில் ஏறிவிடும். சொந்தத்தின் நெருக்கத்தை அளக்கும் பழைய கணக்கில் 'இரண்டாம் பாகை' என்றால் மாப்பிள்ளையின் பெற்றோரில் ஒருவரும் பெண்ணின் பெற்றோரில் ஒருவரும் கூடப்பிறந்தவர்கள், அத்தை மகள், மாமன் மகள் சம்பந்தம். 'மூன்றாம் பாகை' என்றால் தாத்தா பாட்டி தலைமுறையில் கூடப்பிறப்பு. தாய்மாமனைக் கட்டியிருந்தால் முதல் பாகை, இரண்டாம் பாகை என்று இரண்டையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். ஒரே வரியில் இரண்டு குடும்பத்துக்கும் முன்னோர் ஒருவரே என்று தெரிந்துவிடுகிறது. போலந்துக்காரன் பங்கு ஏட்டைத் தேடினாலும் பல இடங்களில் இதே லத்தீனைத்தான் படிக்கிறான், ஆனால் இந்த வசதி நம் அளவுக்கு அவனுக்குக் கிடையாது.

ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, ஏடு விட்டு விட்டுத்தான் இருக்கும். சயாம் மரண ரயில், அதாவது ஜப்பான்காரன் பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை, அந்த வேலைக்குப் பிடித்துப்போனவர்களுக்கு நம் ஊர்க் கோயிலில் அடக்கப் பதிவு இருக்காது. போருக்குப் பிந்தைய கல்யாண ஏட்டில் 'விதுவா' என்ற சொல்லைத் தேடுங்கள். விதவை என்று பொருள். மறுமணம் செய்த பெண்ணின் முதல் கணவர் பெயர் பக்கத்தில் இருக்கலாம், சில ஆண்களுக்கு எழுத்தில் மிஞ்சிய தடயமே அது ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் நம் சொந்த ஊர் எது என்று வீட்டில் சொல்வதைக் கொஞ்சம் சலித்துத்தான் எடுக்க வேண்டும். எங்கள் பாட்டி சாகும்வரை "நாம நாகப்பட்டணம்" என்றுதான் சொன்னார். நாகப்பட்டணம் கப்பல் ஏறிய துறைமுகம், ஊர் அங்கிருந்து வெகு தூரத்தில். திருச்சி ஜில்லா என்றாலும் அப்படித்தான், இன்றைய கரூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாம் அதற்குள் வரும். மறைமாவட்டமும் மாறியிருக்கும். கும்பகோணம் 1899-இல் பாண்டிச்சேரியிலிருந்து பிரிந்தது, சேலம் 1930-இல் வந்தது, தஞ்சாவூர் 1952-இல். அதனால் இன்றைக்கு எந்த மறைமாவட்டம் என்று பார்ப்பதோடு, தாத்தா பிறந்த வருஷத்தில் எது என்றும் விசாரியுங்கள்.

ஊர்க் கோயிலுக்கு எழுதும்போது தமிழிலேயே, ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். ஆளின் பெயரை இரண்டு வடிவத்திலும், தகப்பன் தாய் பெயர், உத்தேச வருஷம், அப்புறம் பதிவை ஓரத்தோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பும்படி ஒரு வரி. எனக்குப் பதில் வர ஏழு மாதம் ஆனது, உபதேசியார் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஓரத்தில் பாட்டியின் பெயர், கல்யாணத் தேதி, பக்கத்தில் 'மலாக்கா'. அதைப் பார்த்துத்தான் தாத்தாவின் சொந்த ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் இத்தனை காலமும் தாத்தா மலாக்கா டவுனில் கடை வைத்திருந்தார் என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். அவர் மலாக்காவைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை, அது மறைமாவட்டத்தின் பெயர்.