ஆயிரத்தொன்பதுக்கு வால் உண்டா?

எங்கள் மாமாவுக்கு மன்னார்குடிப் பக்கம் நிலம். ஒரு வருஷம் ஐப்பசி மழையில், நட்ட நெற்பயிர் பத்து நாள் தண்ணீருக்குள் கிடந்தது. வடிந்ததும் பார்த்தால் பக்கத்து வயல் மெல்லத் துளிர்த்துக்கொண்டு வந்தது. மாமாவின் வயல் அழுகிவிட்டது. "ரெண்டும் ஆயிரத்தொன்பதுதானே மாப்ள, அவனுக்கு மட்டும் எப்படி?" என்றார். விதைச் சாக்கில் தைத்திருந்த நீல அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். சி.ஆர். 1009 என்ற நெல் ரகப் பெயர் மட்டும் இருந்தது. பக்கத்து வயலில் நட்டது சி.ஆர். 1009 சப் 1. கடையில் மாமா 'ஆயிரத்தொன்பது' என்றுதான் கேட்டிருக்கிறார். கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள்.

ரகப் பெயரின் வாலை வெட்டிவிட்டுப் பேசுவதுதான் இங்கே பெரிய தவறு. சப் 1 என்பது ஒரு மரபணு, ஒடிசாவின் எப்.ஆர். 13ஏ என்ற ரகத்திலிருந்து வந்தது. அது இருக்கும் பயிர் மூழ்கியதும் மேலே வரத் தவித்து நீளாது. இருக்கிற மாவுச்சத்தைச் சேமித்துக்கொண்டு இரண்டு வாரம் போல அடங்கிக் கிடக்கும், அப்புறம் துளிர்க்கும்.

வாலைப் போலவே, ரகம் எந்த ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது என்று சொல்லும் தலையையும் விடக்கூடாது. ஏ.டி.டி. என்றால் ஆடுதுறை, கோ என்றால் கோயம்புத்தூர், ஏ.எஸ்.டி. என்றால் அம்பாசமுத்திரம். ஐ.ஆர். என்பதை 'இந்தியன் ரைஸ்' என்று விளக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1966-இல் வந்த ஐ.ஆர். 8, பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகம். எண்ணை வைத்து உயர்வு தாழ்வு பார்ப்பதும் வீண். ஆந்திராவின் பாபட்லாவில் உருவான பி.பி.டி. 5204, ஆடுதுறை 43-ஐவிடப் பெரிய எண்தான். அதனால் ஒசத்தி ஆகிவிடாது. அந்த 5204-ஐத்தான் ஆந்திரா பொன்னி என்று விற்கிறார்கள். வெள்ளைப் பொன்னி வேறு, மலேசியாவின் மசூரியிலிருந்து வந்தது. 'சம்பா' இன்னும் குழப்பம்: சம்பா பட்டம் என்றால் பருவம், சீரகச் சம்பா என்றால் ரகம்.

அறிவியல் பெயரிலும் இதே கதைதான். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் தமக்குத் தெரிந்த செடிகளுக்கெல்லாம் இரண்டு சொல் பெயர் வைத்தார். நெல்லுக்கு ஒரைசா சட்டைவா. இதில் 'சட்டைவா' என்றால் பயிரிடப்படுவது என்றுதான் பொருள், ஓட்ஸும் அவீனா சட்டைவாதான். இரண்டு சொல்லும் சேர்ந்தால்தான் பெயர்.

இந்தப் பெயர் நமக்கெதற்கு என்று தோன்றலாம். ஆகாயத்தாமரையை எடுத்துக்கொள்ளுங்கள். சித்த மருத்துவத்தில் அந்தப் பெயருக்கு உரியது பிஸ்டியா ஸ்ட்ராட்டியோட்டஸ். நம் வாய்க்கால்களை அடைத்துக்கொண்டு கிடப்பது தென் அமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத்தாமரை. ஊரில் அதையும் ஆகாயத்தாமரை என்றே சொல்கிறோம். பழைய புத்தகங்களில் வெங்காயத்தாமரையின் அறிவியல் பெயர் ஐக்கார்னியா கிராசிப்பஸ், இப்போது பான்டெடேரியா கிராசிப்பஸ். பெயர் மாறியதால் செடி மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மருந்துக்கென்று யாராவது வாய்க்காலில் இறங்கினால், பெரிய ஊதாப் பூ இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அவர் தேடி வந்த செடி அதுவல்ல.