மொனார்க் பட்டாம்பூச்சிக்கு டேக் ஒட்டுவது எப்படி?

கனடாவின் தெற்கிலும் அமெரிக்காவின் வடக்கிலும் கோடையில் பிறக்கும் மொனார்க் பட்டாம்பூச்சிகள் இணை சேர்ந்து, முட்டையிட்டு, சில வாரங்களில் இறந்துவிடும். ஆகஸ்ட் கடைசியில் கூட்டிலிருந்து வெளிவருபவை அப்படியல்ல. அவை இணை சேராமல், தேன் குடித்து உடம்பில் கொழுப்பு சேர்த்துக்கொண்டு தெற்கே கிளம்பிவிடும். நவம்பர் தொடக்கத்தில் மத்திய மெக்சிகோவின் மலைகளில், ஒயாமெல் என்னும் ஊசியிலை மரங்களில் போய் அடையும். சிலவற்றுக்கு இது 4,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். இத்தனைக்கும் அந்த மலையை அவை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

இந்தப் பாதையைக் கண்டுபிடித்ததில் பெரும்பங்கு தன்னார்வலர்களுடையது. டொரன்டோவைச் சேர்ந்த ஃப்ரெட் அர்கார்ட், நோரா அர்கார்ட் தம்பதி, அவை எங்கே போகின்றன என்று அறிய, பல ஆண்டுகளாக ஆட்களைத் திரட்டி இறகுகளில் டேக் என்னும் ஸ்டிக்கர் ஒட்டவைத்தார்கள். 1975 ஜனவரியில் மெக்சிகோவில் அடையிடம் தெரியவந்தது. மறு ஆண்டு ஃப்ரெட் அங்கே போனபோது ஸ்டிக்கரோடு ஒரு மொனார்க் கிடைத்தது. அதை ஒட்டியவர்கள் மினசோட்டாவின் ஒரு ஆசிரியரும் இரண்டு பள்ளி மாணவர்களும். இன்று இந்த வேலையை நடத்துவது கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் மொனார்க் வாட்ச். 1992இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் நீங்களும் சேரலாம்.

டேக் வாங்குவது

மொனார்க் வாட்ச் தளத்தில் முன்கூட்டியே ஆர்டர் செய்யுங்கள். டேக் என்பது ஒட்டுப்பொட்டு போன்ற சின்ன வட்ட ஸ்டிக்கர், 9 மில்லிமீட்டர் அகலம். ஒவ்வொன்றிலும் தனி எண் இருக்கும். கூடவே மென்மையான துணியில் ஆழமான பை உள்ள பூச்சி வலை, நோட்டு, பென்சில் வேண்டும். இந்தத் திட்டம் ராக்கி மலைகளுக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கானது. கனடாவில் மொனார்க் சட்டப் பாதுகாப்பில் இருப்பதால், அங்கே இருப்பவர்கள் பிடிக்கும் முன் தங்கள் மாகாண விதியைக் கட்டாயம் பாருங்கள்.

எப்போது, எங்கே

மினசோட்டா பக்கம் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பர் தொடக்கமும். கேன்சஸில் செப்டம்பர் நடுப்பகுதிக்கு மேல். டெக்சஸின் நடுப்பகுதியில் அக்டோபர். வடக்கிலிருந்து குளிர்காற்று வீசிய மறுநாள் போனால் நிறைய கண்ணில் படும். கோல்டன்ராட், ஆஸ்டர் பூத்திருக்கும் வெளிகளில் பகலில் தேடுங்கள். சாயங்காலம் மரக்கிளைகளில் கூட்டமாக அடையும்.

வைஸ்ராய் என்னும் பட்டாம்பூச்சி பார்ப்பதற்கு மொனார்க் மாதிரியே இருக்கும். அதன் பின்னிறகில் நரம்புகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கறுப்புக் கோடு ஓடும். மொனார்க்குக்கு அந்தக் கோடு இல்லை.

பிடிப்பதும் ஒட்டுவதும்

பூவில் உட்கார்ந்து தேன் குடிக்கும்போது பின்பக்கமாகப் போய் வலையை வீசுங்கள். வலையின் வாயை உடனே மடித்துவிட்டால் தப்பாது. அப்புறம் அவசரமே வேண்டாம். நான்கு இறகுகளும் முதுகுக்கு மேல் சேர்ந்து மூடியிருக்கும்படி வலைத்துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை உள்ளே விட்டு வெளியே எடுங்கள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் முன்னிறகின் தடித்த விளிம்பை, உடம்புக்குப் பக்கத்தில் பிடித்திருக்க வேண்டும். தயங்கித் தயங்கிப் பிடித்தால்தான் அது படபடத்து இறகைக் கிழித்துக்கொள்ளும். உறுதியாகப் பிடித்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. இறகின் பொடிபோன்ற செதில் விரலில் கொஞ்சம் ஒட்டினாலும் கவலையில்லை.

இப்போது பின்னிறகின் அடிப்பக்கம் உங்களைப் பார்த்து இருக்கும். நடுவில், சுற்றிலும் கறுப்பு நரம்பு ஓடும் ஒரு பெரிய கட்டம் தெரியும். ஸ்டிக்கர் போக வேண்டிய இடம் அதுதான். இடமோ வலமோ, எந்தப் பக்கமானாலும் சரி. பசையில் விரல் படாமல் பல்குத்தும் குச்சியால் ஸ்டிக்கரை எடுத்து வைத்து, இரண்டு விரலால் சில நொடி அழுத்துங்கள். அர்கார்ட் காலத்தில் முன்னிறகின் செதில்களைத் தேய்த்துவிட்டு ஒட்டினார்கள். பின்னிறகின் இந்தக் கட்டம் உடலின் எடை மையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் பறப்பதற்கு இடைஞ்சல் குறைவு. அரை கிராம் எடையுள்ள உயிர் சுமப்பது என்பதால் ஒன்றுக்கு மேல் ஒட்டவே கூடாது.

எழுதிய பிறகே விடுங்கள்

என்னைக் கேட்டால் ஒட்டுவதைவிட முக்கியம் இதுதான். விவரம் எழுதாமல் விட்ட ஸ்டிக்கர் மெக்சிகோவில் கிடைத்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் பட்டாம்பூச்சி கையில் இருக்கும்போதே எண்ணைச் சத்தமாகப் படியுங்கள். பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். பிள்ளைகளை அழைத்துப்போனால் அவர்களுக்குக் கொடுக்க இதைவிட நல்ல வேலை இல்லை. எண், தேதி, ஊர், ஆணா பெண்ணா, வெளியில் பிடித்ததா வீட்டில் வளர்த்ததா: இவ்வளவுதான் விவரம். ஆணுக்கு ஒவ்வொரு பின்னிறகின் மேற்புறத்திலும் நரம்பின்மேல் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். பெண்ணுக்குப் புள்ளி இல்லை, நரம்புகளும் தடிப்பு.

பருவம் முடிந்ததும் தள்ளிப்போடாமல் பட்டியலை மொனார்க் வாட்சுக்கு அனுப்பிவிடுங்கள்.

மெக்சிகோவில் மலையடிவார மக்கள் மரத்தடியில் இறந்து கிடப்பவற்றில் ஸ்டிக்கர் தேடுகிறார்கள். கிடைத்ததற்கு மொனார்க் வாட்ச் பணம் கொடுக்கிறது. 1998 முதல் 2015 வரை ஒட்டியவை 13 லட்சத்துக்கும் மேல். அங்கே கிடைத்தவை சுமார் 14,000. கிடைத்தவற்றின் பட்டியலில் உங்கள் எண் வரவில்லையே என்று சோர்ந்துபோக வேண்டாம். எந்தப் பகுதியிலிருந்து கிளம்பியவை அதிகம் போய்ச் சேர்கின்றன என்பதை விஞ்ஞானிகள் கணக்கிடுவது ஒட்டிய எல்லா எண்களையும் வைத்துத்தான். மெக்சிகோவில் அவை அடைந்திருந்த காட்டின் பரப்பு 1996–97 குளிர்காலத்தில் 18 ஹெக்டேர், 2013–14இல் வெறும் 0.67 ஹெக்டேர். வழியில் எங்கே இழக்கிறோம் என்று தெரிய இந்தக் கணக்கு வேண்டும்.

பட்டாம்பூச்சியைத் தொட மனமில்லையா? 1994இல் தொடங்கிய ஜர்னி நார்த் என்னும் திட்டத்தில், பார்த்த தேதியையும் இடத்தையும் பதிந்தாலே போதும். கலிஃபோர்னியா பக்கம் இருப்பவர்களுக்கு நவம்பரில் வேறு வேலை காத்திருக்கிறது: கடலோர மரங்களில் அடைந்திருப்பவற்றை தேங்க்ஸ்கிவிங் பண்டிகையையொட்டி எண்ணும் கணக்கெடுப்பு. அதற்குப் பயிற்சியும் கொடுக்கிறார்கள்.