டெல்லியில் ப்ளஸ் டூ: மார்க் வருவதற்கு முன்பே மூடிவிடும் கதவுகள்

ரிசல்ட் வந்த வாரத்தில், மயூர் விஹாரில் எங்கள் சொசைட்டியில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் காபியோடு ஒரு ஃபைலும் வந்துவிடும். "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார், எங்கெங்க போடலாம்?" திறந்து பார்த்தால், பாதி விஷயம் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றே முடிந்துபோயிருக்கும்.

பக்கத்து பிளாக் நண்பரின் பையன் இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினில் நல்ல ரேங்க் வாங்கியிருந்தான். டெல்லி அரசின் இன்ஜினியரிங் யூனிவர்சிட்டிகளான டிடியூவோ என்எஸ்யூடியோ கிடைத்துவிடும் என்று ஸ்வீட் கூட வாங்கிவிட்டார்கள். பையன் படித்தது நொய்டாவில். எங்கள் கேட்டிலிருந்து வேனில் பத்து நிமிஷம்தான், ஆனால் நடுவில் மாநில எல்லை இருக்கிறது. அந்தக் கல்லூரிகளில் 85 சதவீத இடம் டெல்லி மாணவர்களுக்கு.

"ஆதார்ல டெல்லி அட்ரஸ்தானே சார் இருக்கு? ஓட்டே இங்கதான் போடறோம்."

"அட்ரஸைப் பாக்கறதில்ல சார். ப்ளஸ் டூ முடிச்ச ஸ்கூல் எங்க இருக்குன்னுதான் பாக்கறாங்க."

மிச்சமுள்ள 15 சதவீதத்துக்கு நாடு முழுவதும் போட்டி. டெல்லி அரசின் இன்னொரு யூனிவர்சிட்டியான ஐபி யூனிவர்சிட்டியிலும் இதே 85 சதவீதக் கணக்குதான். திருச்சி என்ஐடி நம்ம ஊர்க் கல்லூரி என்று உரிமையோடு கேட்பவர்களும் உண்டு. அங்கேயும் சொந்த மாநிலத்துக்கான (ஹோம் ஸ்டேட்) பாதி இடங்கள் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு. தாய்மொழி எது என்று யாரும் கேட்பதில்லை. இதைக் கேட்டுவிட்டு, டெல்லியில் ஒரு டம்மி ஸ்கூலில் பெயரை மட்டும் போட்டுவைக்கலாமா என்று யோசிக்காதீர்கள். சிபிஎஸ்இ 75 சதவீத வருகை கேட்கிறது. திடீர் சோதனையும் போகிறது.

அடுத்தது கணக்கு. என் அக்கா மகள் காமர்ஸ் எடுத்தபோது, மேத்ஸுக்குப் பதில் ஃபிசிக்கல் எஜுகேஷன் போட்டுக்கொண்டாள். "பர்சென்டேஜ் ஏறும்" என்று டீச்சரே சொன்னாராம். பழைய அட்மிஷன் முறைக்கு அது சரியான யோசனைதான். டெல்லி யூனிவர்சிட்டி 2021 வரை ப்ளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் இடம் கொடுத்தது. 2021-ல் சில கல்லூரிகளில் கட்-ஆஃப் 100 சதவீதத்தைத் தொட்டது. 2022-லிருந்து எல்லாம் சியூஇடி என்ற பொது நுழைவுத் தேர்வுதான். ப்ளஸ் டூ மார்க் இப்போது பாஸுக்கும், இரண்டு பேர் சமமாக நின்றால் பிரிப்பதற்கும்தான். எகனாமிக்ஸ் ஹானர்ஸுக்கு மேத்ஸோ அப்ளைடு மேத்ஸோ கட்டாயம். சியூஇடியில் மட்டும் மேத்ஸ் எழுதிச் சமாளிக்கலாமா என்று அக்கா கேட்டாள். முடியாது, பன்னிரண்டில் படித்த பாடத்தில்தான் எழுத வேண்டும் என்பது டெல்லி யூனிவர்சிட்டியின் விதி.

இந்தச் சிக்கல் பத்தாம் வகுப்பிலேயே ஆரம்பிக்கிறது. 2020 முதல் சிபிஎஸ்இ பத்தாவது கணக்கில் ஸ்டாண்டர்டு, பேசிக் என்று இரண்டு வினாத்தாள். மேலே கணக்கு படிக்கப்போவதில்லை என்பவர்களுக்காக வைத்தது பேசிக். பிள்ளை பயப்படுகிறான் என்று டிக் அடிக்கும் முன்னால், பதினொன்றில் எந்தக் கணக்கு தருவீர்கள் என்று பள்ளியில் கேட்டுவிடுங்கள். அப்ளைடு மேத்ஸ் காமர்ஸ்காரர்களுக்கு நல்ல பாடம்தான். இன்ஜினியரிங், ஃபிசிக்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு உதவாது.

கோச்சிங் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒன்பதாவதிலேயே கோச்சிங் சென்டர்கள் நிறைந்த காலு சராய்க்கு மெட்ரோ ஏற்றிவிட்டு, பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று பன்னிரண்டில் கேட்பது தலைகீழ்.

டெல்லித் தமிழர்கள் அநேகமாக மறந்துபோவது, ஊரில் இன்னொரு கதவு இருப்பதை. தமிழ்நாடு அரசின் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. ப்ளஸ் டூ கணக்கை 100-க்கும், ஃபிசிக்ஸையும் கெமிஸ்ட்ரியையும் 50, 50-க்கும் சுருக்கி 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். சிபிஎஸ்இ மார்க்கும் செல்லும். ஜேஇஇ வெறியில் போர்டு பரீட்சையைக் கோட்டை விட்டவர்களுக்கு அங்கேயும் இடிக்கும். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காதவர்கள் நேட்டிவிட்டி சர்டிஃபிகேட் காட்ட வேண்டும். அது தாத்தா ஊர் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வர வேண்டியது. ஜூனில் அவசரமாகக் கேட்டால் பழைய ரேஷன் கார்டு, அப்பாவின் டிசி என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கும். பத்தாவது லீவில் ஊருக்குப் போகும்போதே முடித்துவிடுங்கள்.

அதே ஃபைலில் தமிழ்நாட்டு பிசி, எம்பிசி சர்டிஃபிகேட்டை வைத்துக்கொண்டு டெல்லி யூனிவர்சிட்டிக்கு இது போதும் என்று இருப்பார்கள். போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி நான்-கிரீமி லேயர் (வசதி வரம்புக்குள் வருபவர் என்ற) சர்டிஃபிகேட் வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டில் வாங்கியதாக. ஏப்ரலுக்கு முன்னால் வாங்கி வைத்தால் திரும்ப அலைய வேண்டும்.

அக்கா மகள் இப்போது சோஷியாலஜி இரண்டாம் வருஷம். நன்றாகத்தான் இருக்கிறது மாமா என்கிறாள். அக்காதான் இன்னும் அந்த டீச்சரைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.