மின்வெட்டுக்கு நடுவே மாணவர் ஆய்விதழ்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. 'தி ஐலண்ட்' நாளிதழ் சனிக்கிழமைப் பதிப்பை அச்சடிக்க முடியாமல் நிறுத்தியது. அப்படியொரு காலத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் நாலைந்து பேர் ஆய்விதழ் நடத்த வேண்டுமென்றால் எப்படிச் செய்யலாம் என்பதுதான் இந்தக் குறிப்பு. நெருக்கடி வேறு மாதிரி வந்தாலும் முறை பெரிதாக மாறாது.

படி 1: எதைக் கைவிடலாம்?

முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். அச்சுப் பிரதியைக் கைவிடலாம். அட்டைப்படத்தையும் விடலாம். வெளியீட்டு விழாவைத் தாராளமாக விடலாம், பாதி உழைப்பு அதற்குத்தான் போகிறது. பத்துக் கட்டுரை வேண்டாம், மூன்று போதும். ஒவ்வொரு கட்டுரையையும் துறை தெரிந்த இரண்டு பேர் படித்து எழுத்தில் கருத்துச் சொல்வதை மட்டும் விடக்கூடாது. அது போனால் உங்கள் கையில் இருப்பது ஆண்டு மலர்தான்.

எல்லாக் கட்டுரையும் சேரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஓர் ஆண்டுக்கு ஒரு தொகுதி. தயாரான கட்டுரையை உடனே ஏற்றிவிட்டு, தொடர் பக்க எண்ணுக்குப் பதிலாகக் கட்டுரை எண் கொடுங்கள். இணையத்தில் மட்டும் வரும் பெரிய ஆய்விதழ்கள் பலவும் இப்படித்தான் வருகின்றன.

படி 2: ஒரு பொறுப்புக்கு இரண்டு பேர்

மாணவர் இதழ் நின்றுபோகப் பணத்தட்டுப்பாட்டை விடப் பெரிய காரணம் பட்டமளிப்பு. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகச் சட்ட ஆய்விதழான 'ஹார்வர்ட் லா ரிவியூ' 1887 முதல் மாணவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தும் ஓடுகிறதென்றால், கைமாற்றும் வழக்கம் அங்கே ஊறிப்போயிருக்கிறது. நீங்களும் இறுதியாண்டு மாணவர் ஒருவரோடு இரண்டாமாண்டு மாணவர் ஒருவரைச் சேர்த்து விடுங்கள்.

இதழுக்குத் தனி மின்னஞ்சல் வேண்டும். கடவுச்சொல்லைப் பகிர்ந்தால் மட்டும் போதாது. சரிபார்ப்புக் குறியீடு யாருடைய கைப்பேசிக்கு வருகிறது என்று பாருங்கள். அவர் வெளிநாடு போய் எண்ணை மாற்றிவிட்டால் கணக்கே பூட்டிக்கொள்ளும். மீட்பு எண்ணாக இன்னொருவருடையதையும் கொடுத்து வையுங்கள்.

படி 3: பதிவேடு

ஓ.ஜே.எஸ். என்ற இலவச மென்பொருள் 2001-இலிருந்து இருக்கிறது, ஆய்விதழ் நடத்துவதற்கென்றே செய்தது. ஆனால் அதை வைக்க சர்வர் வேண்டும், அவ்வப்போது புதுப்பிக்கவும் ஆள் வேண்டும். தொடக்கத்தில் ஒரு விரிதாள் போதும்: கட்டுரை எண், வந்த தேதி, யாரிடம் இருக்கிறது, எப்போது திரும்ப வேண்டும், முடிவு. இணையம் இல்லாதபோதும் திறக்கும்படி இரண்டு பேரின் கைப்பேசியில் பிரதி இருக்கட்டும்.

படி 4: கட்டுரை வந்ததும்

முதலில் எழுத்துருவைப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்கள் இன்னும் நிறையப் பேர். அந்தக் கோப்பு இணையத் தேடலில் அகப்படாது, வேறு கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவும் தெரியலாம். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு அடிக்குறிப்புகளையும் ஆங்கில மேற்கோள்களையும் கண்ணால் சரிபாருங்கள், மாற்றும் மென்பொருள் அங்கேதான் குளறுபடி செய்யும்.

அடுத்தது பெயர் மறைப்பு: எழுதியவர் யாரென்று மதிப்பீடு செய்பவருக்குத் தெரியக்கூடாது. முதல் பக்கத்தில் பெயரை அழித்துவிட்டு முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். வேர்டு கோப்பின் பண்புகளில் எழுதியவர் பெயர் இருக்கும், ஓரக் குறிப்புகளிலும் இருக்கும். வேர்டிலேயே உள்ள 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' வசதியால் இவற்றை நீக்கலாம். "எனது முந்தைய ஆய்வில்" போன்ற வரிகளையும் தேடுங்கள்.

நேர்காணல் கொடுத்தவர்களின் பெயர், ஊர், வேலை மூன்றும் ஒன்றாக வந்தால் அவரை யாரும் அடையாளம் கண்டுவிடலாம். பதற்றமான காலத்தில் இதைக் கட்டுரையாளரின் விருப்பத்துக்கு விடாமல் ஆசிரியர் குழுவே பார்க்க வேண்டும்.

படி 5: மதிப்பீட்டாளர்

ஒரு விரிவுரையாளர், ஒரு முதுகலை மாணவர் என்று தேடுங்கள். கோப்பை அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள். மதிப்பீடு கேட்கும்போது "எப்படி இருக்கிறது?" என்று விடாமல் நாலே கேள்வி அனுப்புங்கள்: ஆய்வுக் கேள்வி தெளிவா? முறை அதற்குப் பொருந்துகிறதா? சான்று முடிவைத் தாங்குகிறதா? எதைத் திருத்தினால் வெளியிடலாம்? மூன்று வாரம் கொடுங்கள். மின்சாரம் இல்லாத வீட்டிலிருந்து குரல் பதிவாக அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் நீங்கள் தட்டச்சு செய்து, அவரிடம் காட்டி ஒப்புதல் பெறலாம்.

படி 6: வெளியீடு

பிடிஎஃப் கோப்பைச் சிறியதாக வையுங்கள், டேட்டா வாங்கிப் படிப்பவர்களுக்காக. 'செனோடோ'வில் ஏற்றினால் ஒவ்வொரு கட்டுரைக்கும் டி.ஓ.ஐ. எண் (இணையத்தில் அந்தக் கட்டுரைக்கான நிலையான அடையாள எண்) கட்டணமில்லாமல் கிடைக்கும். 2013-இல் தொடங்கிய அந்தக் களஞ்சியத்தை ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் நடத்துகிறது. ஏற்றும்போதே உரிமத்தையும் (மற்றவர்கள் கட்டுரையை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை) தேர்ந்தெடுங்கள், கட்டுரையாளரின் எழுத்துச் சம்மதம் பெற்ற பிறகு. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் போயின. அதனால் துறை நூலகத்தில் ஒன்று, நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம நூலகத்தில் ஒன்று என்று இன்னும் இரண்டு இடங்களில் கொடுத்து வையுங்கள்.

ஐ.எஸ்.எஸ்.என். எண்ணுக்கு முதல் தொகுதி வந்த பிறகு விண்ணப்பிக்கலாம். அது இதழை அடையாளம் காட்டும் எண் மட்டுமே, தரச் சான்றிதழ் கிடையாது. யாராவது அப்படிச் சொல்லிக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.